அக்கா தம்பி ரெண்டு பேரும் ஒரே தமிழ்ப்பள்ளியில: செந்தூல் பக்கம் எங்க ரிவியூ

பிள்ளைங்க இன்னும் அங்கதான் படிக்கிறாங்க, அதனால பள்ளி பேரு போடல. கோலாலம்பூர்ல செந்தூல் பக்கம்னு மட்டும் வச்சுக்குங்க. மக மூணாம் ஆண்டு, நல்லா படிப்பா, வாய் ஓயாது. மகன் ஒண்ணாம் ஆண்டு, ஆட்டிசம், ஓகேயு கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, எடுத்தாச்சு. இந்தப் பள்ளியில பிபிகேஐ கிளாஸ் இருக்கு, அதாவது சாதாரண பள்ளிக்குள்ளேயே சிறப்புக் கல்வி வகுப்பு, அதான் ரெண்டு பேரையும் இங்கேயே போட்டோம்.

மகன் பக்கம் சொல்லணும்னா ரொம்ப திருப்தி. டீச்சர் அவன் மேசையில படம் ஒட்டின அட்டை வச்சிருக்காங்க, பேக், ரொட்டி, டாய்லட், வேன்னு வரிசையா, ஒரு வேலை முடிஞ்சதும் அவனே அந்த படத்த பிச்சு டப்பாவுல போடுவான். கேண்டீன் சத்தம் அவனுக்கு ஆகாது, காதப் பொத்திட்டு கீழ உக்காந்துடுவான், அதனால மத்த பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடியே இந்த கிளாஸ கூட்டிட்டுப் போயி பசியாற வச்சிடுறாங்க. யாரும் கேக்காம அவங்களா செஞ்சது இது. ஃபீஸ் கிடையாது, மாசம் 150 வெள்ளி அலவன்ஸ் வேற வருது. பிரைவேட் சென்டர்ல கேட்ட காசுக்கு நான் ரெண்டு வேலை பாக்கணும் லா.

2019லேர்ந்து சீரோ ரிஜெக்ட் பாலிசி இருக்கு, ஓகேயு பிள்ளைன்னு எந்த கவர்மெண்ட் பள்ளியும் திருப்பி அனுப்பக்கூடாது. ஆனா அது சேத்துக்குற வரைக்கும்தான், உள்ள போன பிறகு எல்லாம் டீச்சர் கையிலயும் பிபிஎம், அதாவது கிளாஸ்ல பிள்ளைங்கள பாத்துக்குற உதவியாளர், கையிலயும்தான் இருக்கு. முதல் மூணு மாசம் டிரையல்னு சொல்லுவாங்க, பயப்படாதீங்க, பிள்ளைக்கு எந்த வகுப்பு சரிவரும்னு பாக்குறதுக்குத்தான் அது.

இப்ப குறைக்கு வர்றேன். மகன் அழுது அடம் பிடிச்சா உடனே மேல ஆள் அனுப்பி அக்காவ கூப்பிடுறாங்க. கணக்கு பாடம் நடக்கும்போது எழுந்து போயிருக்கா, திரும்பி வந்தா போர்ட அழிச்சிட்டாங்களாம். அவ தம்பிய நல்லா சமாளிப்பா, உண்மைதான், ஆனா அவ ஒம்பது வயசு பிள்ளைங்க, ஆயா இல்ல. கிளாஸ் டீச்சர்கிட்ட சொன்னதுக்கு "பொறுப்பான பிள்ளை, பெருமைப்படுங்க"ன்னு சிரிச்சாங்க, எனக்கு வந்துச்சே கோவம். அப்புறம் தலைமையாசிரியர்கிட்ட போயி கடிதாசியே எழுதிக் கொடுத்தேன், பாடம் நடக்குற நேரத்துல அவள கூப்பிடக்கூடாது, ரொம்ப முடியலன்னா எனக்கு போன் அடிங்கன்னு. இப்ப குறைஞ்சிருக்கு, சுத்தமா நிக்கல.

அதனால மகனுக்கு அஞ்சுல நாலரை, மகளுக்கு மூணு. அண்ணன் தங்கச்சி, அக்கா தம்பின்னு சேத்துப் போட நினைக்கிறவங்க, சேக்குறப்பவே இத கேட்டுடுங்க: பிபிஎம் எத்தன பேரு, ஒருத்தர் லீவு போட்டா பிள்ளைங்கள யாரு பாத்துக்குவாங்க? எங்க பள்ளியில அன்னிக்குத்தான் அக்காவுக்கு ஆள் வரும்.

அப்புறம் பார்க்கிங், ஐயோ. ஏழு மணிக்கு மேல போனா கேட் முன்னாடி ரெண்டு வரிசையா காடி நிக்கும், வேன் அங்கிள் பிடிச்சுக்குங்க.