சின்ன டேர்போ இரண்டா, பெரிய டேர்போ ஒன்றா: வன்னித் தெருவில் நின்று ஒரு கணக்கு

மாங்குளம் சந்தியில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போகிறீர்கள். முன்னால் ஒரு உழவு இயந்திரம், பெட்டி நிறைய நெல் மூட்டை. எதிரே ஒன்றும் வரவில்லை. அக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள். வண்டி அசையாமல் முனகுகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்த பிறகுதான் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் பாய்கிறது. அதற்குள் தூரத்து வளைவில் பஸ் ஒன்று தலை காட்டிவிட்டது. இந்த இரண்டு விநாடிதான் டேர்போ பற்றிய எல்லாச் சண்டைக்கும் மூலம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் சித்தியின் மகன். தருமபுரத்தில் நெல்லும் கச்சானும் போடுகிறவன். 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல் திறந்த பிறகும் புது வண்டியின் விலை நம் கைக்கு எட்டுவதாக இல்லை. அதனால் பழைய டபுள் கெப் இரண்டைப் பார்த்து வைத்திருந்தான். ஒன்றில் ஒரு டேர்போ, மற்றதில் இரண்டு. "அண்ணை, ரெண்டு டேர்போ எண்டால் இழுவையும் ரெண்டு மடங்குதானே? காசு கொஞ்சம் கூடத்தான் கேக்கிறான், குடுக்கலாமே?" என்று கேட்டான்.

இரண்டு மடங்கு வராது. தோட்டக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஊறும் தண்ணீர் ஊறுகிற அளவுதான். ஒரு பெரிய பம்ப் வைத்தாலும் இரண்டு சின்னப் பம்ப் வைத்தாலும் ஊற்றைத் தாண்டி இறைக்க முடியாது. டேர்போவைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை. அந்தப் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. கூடுதல் காற்று, கூடுதல் எரிபொருள், கூடுதல் வலு. அல்ஃபிரெட் பூக்கி என்ற சுவிஸ் பொறியாளர் 1905இல் காப்புரிமை எடுத்த யோசனை இது. இரண்டு டேர்போ வைத்தால் அதே புகையைத்தான் இரண்டும் பங்குபோட வேண்டும்.

அப்படியானால் இரண்டு எதற்கு? சின்னப் பிள்ளைகளுக்குப் பனையோலையில் காற்றாடி செய்து முள்ளில் குத்திக் கொடுப்போமே, அதில் பதில் இருக்கிறது. சின்னக் காற்றாடி பிள்ளை இரண்டடி நடந்தாலே சுழலும். பெரிய ஓலையில் செய்தால் முற்றத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓடினால்தான் சுழலத் தொடங்கும். ஒரே வடிவச் சக்கரத்தில் விட்டத்தைப் பாதியாக்கினால், அதைச் சுழலவிடாமல் தடுக்கிற சடத்துவம் 32இல் ஒரு பங்காகிவிடும். விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் போகிற கணக்கு அது.

இந்த எண்ணைக் காட்டித்தான் பலர் இரண்டு டேர்போவுக்கு வாதாடுவார்கள். ஆனால் கணக்கை முழுவதும் போட வேண்டும். ஒரு பெரிய டேர்போ தள்ளும் காற்றை இரண்டு சின்னது தள்ள வேண்டுமென்றால், ஒவ்வொன்றின் விட்டமும் பெரியதில் ஏறத்தாழ 0.7 பங்கு இருக்க வேண்டும். அப்போது ஒவ்வொன்றின் சடத்துவம் பெரியதில் 18 வீதமளவு. பிரமாதம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது பாதிப் புகை. சின்னச் சக்கரம் அதே அமுக்கத்தைக் கொடுக்க 1.4 மடங்கு வேகமாகவும் சுழல வேண்டும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் சுழன்று வரும் நேரத்தில் ஏறத்தாழ 30 வீதம் மிச்சம். இரண்டு விநாடி ஒன்றரை விநாடிக்குக் கிட்ட வரும். அது பெறுமதியானதுதான், மாயம் இல்லை. அதோடு சக்கரம் சின்னதாக ஆக, இதழுக்கும் கூட்டுக்கும் நடுவே கசிகிற காற்றின் பங்கு கூடும். அதனால் உயர்ந்த சுற்றில் பெரிய டேர்போ குளிர்ச்சியாகவும் சிக்கனமாகவும் காற்றைக் கொடுக்கும். கார்ப் பந்தயக்காரர் டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட் எஞ்சினிலிருந்து இரண்டு டேர்போவைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய ஒன்றைப் பூட்டுவது இதனால்தான். அவர்களுக்கு எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது என்ன நடக்கிறது என்பதில் அக்கறை இல்லை.

வாதத்தை விடுங்கள். ஒரே எஞ்சினை ஒரே நிறுவனம் இரண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறது. டொயோட்டாவின் 1ஜேஇசட் எஞ்சின் 1990இல் வந்தபோது பக்கத்தில் பக்கமாக இரண்டு சின்ன டேர்போ. 280 குதிரைவலு. அதிகபட்ச முறுக்குவிசை, அதாவது இழுவை, 363 நியூட்டன் மீற்றர், அதுவும் 4800 சுற்றில். 1996இல் திருத்திச் செய்தபோது இரண்டையும் எடுத்துவிட்டு ஒன்றை வைத்தார்கள், வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பையும் சேர்த்தார்கள். குதிரைவலு அதே 280. முறுக்குவிசை 379க்கு ஏறியது, வந்தது 2400 சுற்றிலேயே. பாதிச் சுற்றில் கூடுதல் இழுவை, ஒரு டேர்போவில்.

பிஎம்டபிள்யூவும் அதே வழியில் வந்தது. 2006இல் என்54 என்ற மூன்று லீற்றர் எஞ்சினில் இரண்டு. 2009இல் என்55இல் ஒன்று. வலுவும் இழுவையும் அப்படியே, 400 நியூட்டன் மீற்றர் 1300க்குப் பதில் 1200 சுற்றிலேயே. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த ஒற்றை டேர்போ வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் 'டுவின்பவர் டேர்போ'. பெயரில் 'டுவின்' இருக்கிறதே என்று இரண்டு டேர்போவுக்கான காசைக் கொடுத்துவிடாதீர்கள். மூடியைத் திறந்து பாருங்கள்.

பிஎம்டபிள்யூவில் ஒன்று இரண்டை எப்படி வென்றது? கூட்டுக்குள்ளே நுழைவாயிலை இரண்டாகப் பிரித்ததால். நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1, 3, 4, 2 என்ற வரிசையில் எரியும். 1உம் 4உம் ஒரு வாயால், 2உம் 3உம் மறுவாயால் புகையை அனுப்பினால் ஒன்றின் தள்ளல் மற்றதை முட்டாது. நம் வயலில் ஒரே மடையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய்க்காலை வெட்டிவிட்டால் இருவருக்கும் தண்ணீர் மந்தமாகத்தான் வரும். முறை வைத்து விட்டால் இருவர் வயலுக்கும் விசையோடு பாயும். டீசலில் இன்னொரு வழி: புகை வரும் வாயில் அசையும் இதழ்களை வைத்து, சுற்று குறைவாக இருக்கும்போது வாயை ஒடுக்கி, கூடும்போது விரிப்பது. தண்ணீர்க் குழாயின் நுனியை விரலால் அமுக்கினால் தூரப் பாய்கிறதல்லவா, அதேதான்.

சரி, இரண்டு எங்கே வெல்லும்? எஞ்சின் வி வடிவில் இருந்தால். சிலிண்டர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும்போது, ஒரு பக்கத்துப் புகையை எஞ்சினைச் சுற்றி மறுபக்கம் கொண்டு வர நீளக் குழாய் வேண்டும். வழியில் சூடும் விசையும் போகும். பக்கத்துக்கு ஒன்று வைப்பதே ஒழுங்கு. நிசான் ஜிடி-ஆரின் 3.8 லீற்றர் வி6 அப்படித்தான். இதற்கு நமக்குத் தெரிந்த உதாரணம் லான்ட் குரூசர். கண்ணிவெடி அகற்றுகிறவர்களும் நிவாரண வேலைக்காரர்களும் கொண்டு திரிந்த வெள்ளை லான்ட் குரூசர்களை வன்னியில் பார்க்காத ஆள் இல்லை. அவற்றில் மிகப் பல டேர்போவே இல்லாத பழைய 4.2 லீற்றர் டீசல். 2007இல் டொயோட்டா 4.5 லீற்றர் வி8 டீசல் ஒன்றைக் கொண்டுவந்தது. சொகுசான 200 தொடரில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டேர்போ, 650 நியூட்டன் மீற்றர். வேலை செய்கிற 70 தொடரில் அதே எஞ்சினுக்கு ஒரே ஒரு டேர்போ, 430 நியூட்டன் மீற்றர். வித்தியாசம் பெரிது. ஆனால் 70இன் அந்த 430 வெறும் 1200 சுற்றிலேயே முழுதாகக் கிடைக்கும், 200இன் 650க்கு 1600 வரை காத்திருக்க வேண்டும். சேற்றிலும் மணலிலும் நகர்கிறவனுக்கு 1200தான் பேசும். இப்போதைய 70இல் 2.8 லீற்றர் நான்கு சிலிண்டர் டீசல் வருகிறது, ஒரே டேர்போ, 500 நியூட்டன் மீற்றர். பாதிச் சிலிண்டர், கூடுதல் இழுவை.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, தம்பி பார்த்த வண்டி அந்த வகை. ஒரே அளவில் இரண்டு இல்லை, ஒன்று சின்னது, ஒன்று பெரியது. குறைந்த சுற்றில் சின்னது வேலை செய்ய, சுற்று ஏற ஏற வால்வுகள் திறந்து பெரியதிடம் கைமாற்றிவிடும். ஃபோர்ட் ரேஞ்சரின் இரண்டு லீற்றர் டீசலில் ஒற்றை டேர்போ 180 குதிரைவலு, 420 நியூட்டன் மீற்றர். இரட்டை 213, 500. ஓட்டினால் வித்தியாசம் தெரியும், மறுக்கவில்லை. காகிதத்தில் இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. ஆனால் கைமாறுகிற இடம்தான் சிக்கல். சுபாரு லெகசியின் பழைய இரட்டை டேர்போ வண்டிகளில் நடுச் சுற்றில் ஒரு பள்ளம் உண்டு, இரண்டாவது வந்து சேர்வதற்குள் வண்டி சோர்ந்துவிடும். மஸ்டா ஆர்எக்ஸ்-7இல் இரண்டாவதைச் சேர்க்கிற வேலையை நடத்துவதற்கே மெல்லிய ரப்பர் குழாய்கள் கொத்தாக ஓடும். ஒன்று வெடித்தாலும் எது என்று தேடுவதற்கே ஒரு நாள் போகும்.

அப்புறம் நம் தரை. வன்னிக்குள் ஒரு வண்டி என்ன செய்கிறது? ஏ9இல் சட்டப்படி 70க்கு மேல் போக முடியாது. மலை கிடையாது. மீதி நேரம் கிரவல் ஒழுங்கையிலும் வாய்க்கால் கரையிலும் 20, 30இல் ஊர்வது. 4000 சுற்றுக்கு மேலே என்ன வலு வந்தாலும் நமக்குப் பயனில்லை. பெரிய ஒற்றை டேர்போவை இதனாலேயே கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். இரட்டையின் மேல்பாதியும் அப்படித்தான். ஆனால் சோளகக் காற்றில் பறக்கிற செம்மண் புழுதி, ஆவணி வெயில், ரப்பரைக் கொறிக்கிற எலி, இவை நமக்கு நிச்சயம். டேர்போ நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சாமான். ஒயில் படலத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. எயார் பில்டருக்குப் பின்னால் ஒரு கிளிப் தளர்ந்து புழுதி உள்ளே போனால், காற்றை அமுக்கும் சக்கரத்தின் இதழ் விளிம்பு கரையான் அரித்த ஓலைபோல் ஆகிவிடும். நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு டேர்போ என்றால் இரண்டு தண்டு, இரண்டு ஒயில் வழி, இரண்டு மடங்கு இணைப்பு. பழுது வந்தால் சாமானுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

என் சொந்த வண்டி ஒற்றை டேர்போ டீசல். மூன்று வருடத்துக்கு முன் கனகராயன்குளம் தாண்டும்போது எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, 60க்கு மேல் ஏற மறுத்தது. கொண்டுபோன கராஜில் திறந்து பார்க்காமலே டேர்போ முடிந்தது, புதிது போட வேண்டும் என்றார்கள். சொன்ன தொகையில் பாதியைக் கடன் கேட்டு வைத்துவிட்டேன். நல்லகாலம், பரந்தனில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டைப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து ஆட்டினார். பக்கவாட்டில் மயிரளவு ஆட்டம் இருந்தது, முன்பின்னாக இல்லை. "தண்டு நல்லாத்தான் கிடக்கு" என்றார். புகைப் பக்கத்தைக் கழற்றிக் காட்டினார். அசைய வேண்டிய இதழ்கள் கரி பிடித்து அடைப் பலகைபோல் இறுகிக் கிடந்தன. நான் எப்போதும் மெதுவாகவே ஊர்ந்ததால் படிந்த கரி. அரை நாளில் கழுவிப் பூட்டித் தந்தார். இன்றுவரை ஓடுகிறது. இந்தத் துப்புரவை ஒரு டேர்போவில் செய்யலாம். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி வால்வுகளால் கட்டிய இரட்டையில், கழற்றிப் பார்க்கவே பல மெக்கானிக்மார் தயங்குகிறார்கள்.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது இது. கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் அடிக்கடி ஓடுகிறவன், நல்ல பராமரிப்புப் பதிவோடு வருகிற வண்டி, கையில் காசு என்றால் இரட்டையை எடு. தருமபுரத்தில் இருந்து நெல் ஏற்றுகிறவனுக்கு அசையும் இதழ் வைத்த ஒற்றைதான் சரி. மிச்சக் காசில் ஒயிலையும் பில்டரையும் நேரத்துக்கு மாற்று. வாரத்தில் ஒருமுறையாவது ஏ9இல் அரை மணி நேரம் 70இல் ஓட்டு, கரி எரியட்டும். சுமையோடு ஓடி முறிகண்டியில் நிறுத்தினால் உடனே திறப்பைத் திருப்பாதே. ஒரு நிமிடம் எஞ்சின் சும்மா ஓடட்டும், அதற்குப் பிறகு இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடை. சூடேறிய தண்டில் ஒயில் நின்றால் அங்கேயே கருகிவிடும்.

இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்க்கவும் சொன்னேன். வெறுமனே இல்லை, பின்னால் பத்து மூட்டை ஏற்றிக்கொண்டு. மூன்றாம் கியரில் 1500 சுற்றில் வைத்து, அடிவரை மிதித்து, வாய்விட்டு எண்ண வேண்டும். நானும் பக்கத்தில் இருந்தேன். இரட்டை 'இரண்டு' என்று சொல்லி முடிக்குமுன் பிடித்தது, ஆனால் 2500 தாண்டும் இடத்தில் ஒரு சின்ன இடறல், எங்கோ ஒரு வால்வு சோம்பல்படுகிறது. ஒற்றை 'இரண்டு' சொல்லி முடிந்தபின் பிடித்தது, பிடித்த பிறகு விடவில்லை. தம்பி வண்டியை ஓரம்கட்டி, மூடியைத் திறந்து, காற்றுக் குழாயின் கிளிப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.