நடையா, நாற்காலியா, ஆழியாறு பயிற்சியா? சுகர், பிரஷர், மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்கு எது எதற்கு உதவும்

போன வருஷம் பட்டிப் பொங்கல் அன்றைக்குத் தோட்டத்தில் பொங்கல் வைத்து முடித்து, கட்டுத்தரைப் பக்கம் தரையிலேயே இலை போட்டுச் சாப்பிட்டோம். எல்லோரும் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள், அப்பா மட்டும் எழவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தார். திரும்பி முட்டி போட்டுப் பார்த்தார். பக்கத்தில் மாடு கட்டும் முளைக்குச்சி இருந்தது, அதைப் பிடித்தார், அது ஆடியது. கடைசியில் அண்ணன் மகனும் பக்கத்துத் தோட்டத்துப் பையனும் ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

அப்பாவுக்கு 71 வயது. சுகர் வந்து பதினோரு வருஷம், பிரஷர் ஆறு வருஷம். ஆனால் மழையோ பனியோ காலையில் நாலு கிலோமீட்டர் நடக்காமல் காபி குடிக்க மாட்டார். அன்றைக்குப் பொழுதோட என்னைக் கூப்பிட்டு, "தினமும் நடக்கறனே அம்மிணி, அப்புறம் ஏன் எந்திரிக்க முடியலை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி, ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு, படித்து, வீட்டில் இரண்டு பேருக்கும் செய்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு 66, இரண்டு முட்டியும் தேய்மானம்.

நம் பக்கத்தில் "உடற்பயிற்சி" என்று டாக்டர் சொன்னால் நடை என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸில் விடியற்காலை போய் நின்று பார்த்தால் தெரியும், அறுபதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று. தமிழக அரசு 2023-ல் கொண்டுவந்த "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டத்துக்கொரு 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு என்று சொன்னதில் மூன்று பகுதி உண்டு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை ஓரளவு மூச்சு வாங்கும்படியான நடை போன்றவை, குறைந்தது 2 நாள் தசைக்கு வேலை, குறைந்தது 3 நாள் தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சி. இதில் முதல் வரி மட்டும் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது, மற்ற இரண்டும் வழியிலேயே தங்கிவிட்டன.

முதலில் சுகர். இதில் நடைக்குப் பெரிய பலம் இருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும், நடந்து முடித்த பிறகும் இன்சுலின் கூடுதலாக வேலை செய்யும், அந்தப் பலன் ஒரு நாள் வரைக்கும் நிற்கும். அமெரிக்காவில் 2002-ல் வெளியான பெரிய ஆய்வில், சுகர் வரும் விளிம்பில் இருந்தவர்கள் வாரம் 150 நிமிஷப் பயிற்சி, எடைக் குறைப்பு என்று வாழ்க்கையை மாற்றியபோது சுகர் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான். அதிலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் குறைந்தது 71 சதவீதம். வயதானவர்களுக்கு இனி என்ன மாறப்போகிறது என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு எண்ணைப் பார்த்தால் போதும். நம் நாட்டிலேயே நடந்து 2006-ல் வெளியான ஆய்வில் அந்த அளவு வரவில்லை, 28.5 சதவீதம் என்று வந்தது, ஆனாலும் மாத்திரையின் 26.4-க்கு அது குறைவில்லை.

சரி, எப்போது நடப்பது? அப்பா காலை வெறும் வயிற்றில் நாலு கிலோமீட்டர் நடக்கிறார், ராத்திரி அரிசியும் பருப்பும் சோறு நெய் விட்டுச் சாப்பிட்டுவிட்டு அப்படியே கட்டிலில் சாய்கிறார். நியூசிலாந்தில் 2016-ல், ஒரே தடவையாக 30 நிமிஷம் நடப்பதையும் மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிஷம் நடப்பதையும் ஒப்பிட்டார்கள். பிரித்து நடந்தபோது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகர் 12 சதவீதம் குறைவு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் குளுக்கோமீட்டர் இருக்கிற வீட்டில் இதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். நாங்கள் காலை நடையைப் பாதியாக்கி, மீதியை ராத்திரிக்கு மாற்றினோம். இருட்டில் ரோட்டுக்குப் போக வேண்டாம், எங்கள் ஊர் ரோட்டில் மில் வேன்களும் லாரியும் போகிற வேகத்துக்குப் பயமாக இருக்கும், பூச்சி பொட்டும் கிடக்கும். வாசலிலேயே விளக்கைப் போட்டுவிட்டு, தொளசி மாடத்தைச் சுற்றி அறுபது சுற்று. அம்மா திண்ணையில் உட்கார்ந்து எண்ணுவார், நடுவில் பேச்சு வந்து எண்ணிக்கை மறந்துபோனால் பத்தைக் கழித்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இல்லாமல் நடக்கப் போகக் கூடாது, இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டுவது என்று வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டுவிட்டு உட்கார வேண்டும். அப்புறம் கால். பூங்காக்களில் கூழாங்கல் பதித்து எட்டு போட்டு வைத்திருக்கிறார்களே, அதில் செருப்பில்லாமல் நடப்பது சுகர்காரர்களுக்கு ஆகாது. பாதம் மரத்துப்போயிருந்தால் கல் குத்தியது தெரியாது, புண் வந்து நாலாம் நாள்தான் கண்ணில் படும். எட்டு வடிவத்தில் நடக்க ஆசை என்றால் சமதளத்தில், செருப்போடு நடக்கட்டும்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். சமதரையில் நடப்பதற்குத் தொடைத் தசை முழு பலத்தையும் காட்ட வேண்டியதில்லை. தரையிலிருந்து எழ, கயித்துக் கட்டிலிலிருந்து எழ, பஸ் படி ஏற, தடுக்கினால் சமாளிக்க அந்த முழு பலமும் வேண்டும். வயது ஏற ஏறத் தசை கரையும், சுகர் இருந்தால் இன்னும் வேகமாகக் கரையும், நடை மட்டும் அதைத் தடுத்து நிறுத்தாது. அப்பா நடந்துகொண்டே இருந்தார், தொடை அடியில் கரைந்துகொண்டே இருந்தது.

இதற்கு மாற்று ஜிம்தான் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கனமான மர நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுசாக எழுந்து முழுசாக உட்கார வேண்டும். 30 விநாடியில் எத்தனை முறை என்று எண்ணுவதே ஒரு மருத்துவப் பரிசோதனை. 70 முதல் 74 வயது ஆண்கள் 12-க்குக் குறைந்தாலும், 65 முதல் 69 வயதுப் பெண்கள் 11-க்குக் குறைந்தாலும் விழுவதற்கு வாய்ப்பு அதிகம் என்று கணக்கு. அப்பா 8 எடுத்தார். தினம் நாலு கிலோமீட்டர் நடக்கிறவர் எடுத்தது 8! அம்மா 5, ஆறாவதில் கை நாற்காலியைப் பிடித்துவிட்டது.

இந்த வயதுக்கு மேல் தசை எங்கே ஏறும் என்று அப்பாவும் கேட்டார். 1990-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள், பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். தொண்ணூறில் ஏறுகிறது என்றால் எழுபது எல்லாம் இளவட்டம். நாங்கள் வாரம் மூன்று நாள், எட்டெட்டாக மூன்று தடவை என்று தொடங்கினோம். சுலபமானதும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுவது. கூடவே சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி நிற்பது, பால் காய்கிற நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்பது. இந்த மாதிரிப் பயிற்சிகள் விழுவதைச் சுமார் கால் பங்கு குறைக்கின்றன என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் சொன்னார்கள். அப்பாவின் எண் மூன்று மாதத்தில் 13 ஆனது.

சுகருக்கும் இது சும்மா போகவில்லை. நடையையும் எடைப் பயிற்சியையும் தனித்தனியாகவும் சேர்த்தும் ஒப்பிட்டு 2007-ல் கனடாவிலும் 2010-ல் அமெரிக்காவிலும் வந்த ஆய்வுகளில், மூன்று மாத சராசரி சுகர் நன்றாக இறங்கியது இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான்.

பிரஷரில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நடைதான் முதலிடம் என்று நினைத்திருந்தேன். 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியிட்டதில், அசையாமல் தசையை இறுக்கி நிற்கும் பயிற்சிகள் மேல் எண்ணைச் சராசரியாக 8 வரை இறக்கின, நடை ஓட்டம் போன்றவை நாலரை. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னணியில் இருந்தது சுவர் உட்கார்வு: முதுகைச் சுவரில் சாய்த்து, முட்டியை மடக்கி, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த மாதிரி நிற்பது. இரண்டிரண்டு நிமிஷம், நடுவே ஓய்வு விட்டு நாலு முறை, வாரம் மூன்று நாள் என்பது வழக்கமான அளவு. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முதல் நாளே அது ஆகாது. அப்பா லேசாக மடக்கி 20 விநாடியில்தான் தொடங்கினார். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது, அடக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும், அதனால் வாய்விட்டு எண்ணச் சொல்கிறேன், எண்ணினால் மூச்சு தானாக வெளியே வரும். உட்கார்ந்திருக்கும்போதே 180/110-ஐத் தாண்டினால் எந்தப் பயிற்சியும் வேண்டாம், முதலில் டாக்டர்.

அம்மாவின் முட்டிக்கு வருகிறேன். "தேஞ்ச முட்டியை நடந்து இன்னும் தேய்க்கறதா கண்ணு?" என்பது அவருடைய பயம். பெரும்பாலான வீட்டில் இதே பயம்தான். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, அசைவில் அமுங்கி விரியும்போதுதான் அதற்கு ஊட்டம் போகும். அசைக்காமல் வைத்தால் தொடையும் மெலிந்து பாரம் முழுக்க முட்டியில் இறங்கும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் நாலு கிலோ பாரம் குறையும். முட்டிக்கு மட்டும் கேட்டால் நான் நாற்காலியை முதலில் வைப்பேன், நடையை அதற்கடுத்து. உயரம் கூடிய நாற்காலியில் ஒரு தலையணை போட்டுத் தொடங்கினால் வலி அவ்வளவாகத் தெரியாது. வலி கொஞ்சம் இருக்கலாம், மறுநாள் காலையிலும் கூடி நின்றால் அளவைக் குறைக்க வேண்டும்.

சைக்கிள் முட்டிக்கு நல்லதுதான், பாரம் சீட்டில் போய்விடுகிறது. ஆனால் எழுபதில் ரோட்டில் ஓட்ட வேண்டாம், வீட்டுக்குள் நிற்கிற சைக்கிள் என்றால் சரி. நீச்சலும் அப்படித்தான், கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள் நம் ஆட்கள், ஆனால் இந்த வயதில் கிணற்றுப் படியில் இறங்குவதுதான் ஆபத்து.

ஆழியாறு எளியமுறை உடற்பயிற்சியைப் பற்றிச் சொல்லாமல் கொங்குநாட்டில் இந்தப் பேச்சு முடியாது. வேதாத்திரி மகரிஷி வகுத்துக் கொடுத்த அந்தப் பயிற்சியை மனவளக்கலை மன்றங்களில் கற்றுக்கொண்டு வருஷக்கணக்காகச் செய்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும். மூட்டு இளகி இருக்கும், மூச்சு சீராகும், மனசு அமைதியாகும், கூடச் செய்ய நாலு பேர் இருப்பார்கள். கடைசியாகச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன், தனியாகச் செய்கிறவர்கள்தான் இரண்டாவது மாதம் விட்டுவிடுகிறார்கள். ஆனால் தொடையில் பலம் ஏற வேண்டும் என்றால் தொடைக்குப் பாரம் வேண்டும், அது இதில் குறைவு. ஆகவே இதை விடச் சொல்ல மாட்டேன், நாற்காலியைக் கூடச் சேர்க்கச் சொல்வேன். பொதுவாக யோகாவில் தலைகீழ் ஆசனங்கள் பிரஷரும் கண் அழுத்தமும் உள்ளவர்களுக்கு வேண்டாம், எலும்பு மெலிந்தவர்கள் முன்னால் மடங்கிக் குனிவதையும் விட்டுவிட வேண்டும்.

"தோட்டத்து வேலையே போதும், தனியா எதுக்குப் பயிற்சி?" என்று கேட்பவர்களும் உண்டு. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் அது சரி. இன்றைக்கு மோட்டாரைப் போனிலேயே போடுகிறார்கள், சொட்டுநீர்க் குழாயில் வால்வைத் திருப்பினால் தண்ணி கட்டியாச்சு, புல்லை மெஷின் நறுக்குகிறது. மிச்சம் இருப்பது குனிவதும் நிற்பதும். இடுப்பு வலிக்கும், தொடைக்கு ஒன்றும் ஏறாது. பால் கறப்பவர்களை மட்டும் நான் கொஞ்சம் உயர்த்தி வைப்பேன், தினம் இரண்டு வேளை குந்தி எழுகிறார்கள்.

படுக்கையை விட்டு எழ முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு நான் எழுதியது எதுவும் நேரடியாகப் பொருந்தாது. அவர்களுக்கு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். யாராக இருந்தாலும் பயிற்சியின் நடுவே நெஞ்சு அழுத்தினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். வேகம் சரியா என்று பார்க்க நாடி பிடிக்க வேண்டியதில்லை, சில பிரஷர் மாத்திரைகள் நாடியை ஏற விடாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு.

அம்மாவுக்குச் சென்னிமலைக்கு நடந்தே ஏற வேண்டும் என்று ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது. 1,320 படி. ஏறுவதை விட இறங்கும்போதுதான் முட்டிச் சில்லில் பாரம் அதிகம் விழும், அதனால் ஏறுவது படியில், இறங்குவது பஸ்ஸில் என்று பேசி வைத்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் 9 எடுத்தார். 11 வரட்டும், அடுத்த செவ்வாய்க்கிழமையே கிளம்பலாம் என்று சொல்லியிருக்கிறேன்.