பெல்ட் சத்தத்துக்கு டைனமோவை மாற்றி ஏமாந்த கதை

என் வண்டி 2004 மாடல் மாருதி 800, ஏசி உள்ளது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு விநாடி 'கீச்ச்ச்' என்று தெருவையே எழுப்பும். மழை நாளென்றால் இன்னும் கொஞ்ச நேரம் கத்தும். வழக்கமாக விடும் பட்டறைக்கே கொண்டுபோனேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்து பெல்ட்டின் மேல் ஏதோ ஒரு ஸ்ப்ரே அடித்தார், சத்தம் நின்றது. 150 ரூபாய். மூன்றாம் நாள் மறுபடி கீச்சு. இப்போது அந்தப் பிசுக்கில் தூசியும் ஒட்டி, பெல்ட் முழுக்கக் கருப்பு மாவு.

அடுத்த முறை போனபோது, "டைனமோ பேரிங் போச்சு சார், வழியில நின்னுடும்" என்றார். வழியில் நிற்கும் என்று சொன்னால் குடும்பத்தோடு போகிறவன் என்ன செய்வான்? ஆல்டர்னேட்டரும் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் இதைத்தான் பட்டறையில் டைனமோ என்பார்கள்) பெல்ட்டும் மாற்றச் சொன்னேன். 5,800 ரூபாய். பில் இல்லை, பழைய சாமானையும் நான் கேட்கவில்லை. அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

பத்து நாள் கழித்து திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும்போது, துவரங்குறிச்சி தாண்டியதும் ரப்பர் கருகும் வாசனை. கூடவே கரகரவென்று ஒரு புதுச் சத்தம். இந்தத் தடவை அவர் சொன்னது: "கம்ப்ரஸர் அவுட். 17,000 ஆகும்." ஏசி நன்றாகத்தான் குளிர்கிறது, ஏசியை அணைத்தாலும் அதே சத்தம் வருகிறது, அப்புறம் எப்படிக் கம்ப்ரஸர் அவுட்? கேட்டேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்று முடித்துவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஒரு வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் முதலில் எடுத்தது ஸ்பேனர் இல்லை, தண்ணீர் பாட்டில். எஞ்சின் ஓடும்போதே தள்ளி நின்று பெல்ட்டில் லேசாகத் தெளித்தார். சத்தம் நின்று, சில விநாடியில் திரும்பி வந்தது. "தண்ணி பட்டதும் சத்தம் கூடுச்சுன்னா பெல்ட் லூஸ். நின்னுட்டுத் திரும்ப வந்தா ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில இல்லை, தம்பி" என்றார். பிறகு எஞ்சினை அணைத்து, இருக்கும் இரண்டு பெல்ட்டில் ஏசி பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார். சுத்தமாகச் சத்தமே இல்லை. அதாவது டைனமோ ஓடும் பெல்ட்டுக்கும் இந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இருந்ததில்லை!

மறுபடி அணைத்துவிட்டு ஒவ்வொரு புல்லியாக என்னையே கையால் சுற்றச் சொன்னார். கம்ப்ரஸர் புல்லி தடையில்லாமல் வழவழவென்று சுற்றியது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் புல்லிதான், உள்ளே மணல் போட்டது போல விரலில் கரகரத்தது. பிடித்து ஆட்டினால் ஆடியது. கிரீஸ் காய்ந்து பேரிங் தேய்ந்திருக்கிறது. அதனால் புல்லி சாய்ந்து, பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிய்ந்திருந்தது. பேரிங், ஏசி பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள் முடிந்தது.

போகிற போக்கில் அவர் இன்னொன்றையும் காட்டினார். டைனமோ பெல்ட்டை வீணை நரம்பு மாதிரி முறுக்கி வைத்திருந்தார்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சமாவது இறங்க வேண்டுமாம். ரொம்ப இறுக்கினால் டைனமோ பேரிங்கோடு, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பின் பேரிங்கும் சேர்ந்து போகும், ஏனென்றால் இந்த வண்டியில் இரண்டும் ஒரே பெல்ட்டில்தான் ஓடுகின்றன. அந்தப் பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், சூடும் ஏறும். அப்போது பக்கத்து ஊர் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காமல் உடனே ஓரம் கட்டிவிடுங்கள், சூட்டில் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப் பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போனால் செலவு வேறு கணக்கு.

சரி, 5,800 கொடுத்த அந்தப் 'புது' டைனமோ? எலெக்ட்ரீஷியன் நகத்தால் சுரண்டினார். வெள்ளிப் பெயின்ட் உரிந்து, அடியில் பழைய கறை. எஞ்சின் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் ஹெட்லைட் போட்டதும் 12.6 வோல்ட், 13.5-க்கு மேல் இருக்க வேண்டும். நேராகப் பழைய பட்டறைக்குப் போய், என் டைனமோவைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன்.

"அது அன்னைக்கே இரும்புக் கடைக்குப் போயிடுச்சே சார்" என்றார். பின்னால் அலமாரியில் வெள்ளிப் பெயின்ட் அடித்த நாலு டைனமோ வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.