கொள்முதல் பணம் கணக்கில் ஏறியதும் வந்த ஃபோன்

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். போன வருஷம் மாசியில் சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டோம். பணம் அப்பாவின் கணக்கில் ஏறிய நாலாம் நாள் வங்கியிலிருந்து ஃபோன்: "ஐயா, ஒரு நடை வந்துட்டுப் போங்க." நெல் பணம் நேராகக் கணக்குக்கு வருவதால், யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் கட்டும் எஸ்ஐபி போடலாம் என்று நான்தான் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அங்கிருந்த அதிகாரி பேச்சை மாற்றிவிட்டார். "மாசாமாசம் கட்டுறதெல்லாம் சம்பளக்காரங்களுக்கு. நீங்க வெள்ளாமைக்காரங்க. ஒரே தடவை போட்டுட்டு மறந்துடுங்க, அஞ்சு வருஷத்துல எடுத்துக்கலாம்."

அதில் பாதி உண்மை இருந்ததுதான் வினை. குறுவையும் சம்பாவும் கைகொடுத்தால் எங்களுக்கு வருஷத்தில் இரண்டு தடவை மொத்தமாகத்தான் பணம் வரும். அப்பா 2 லட்சம் கொடுத்தார். தாள்கள் எல்லாம் இங்கிலீஷில். "கம்பெனியிலேர்ந்து ஃபோன் வரும், எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க" என்றார்கள். அப்படியே சொன்னார்.

இந்த மாசியில் குறுஞ்செய்தி வந்தது: இரண்டாம் பிரீமியம் 2 லட்சம் கட்டவும். பீரோவிலிருந்த பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அது மியூச்சுவல் ஃபண்டே இல்லை, யூலிப் என்கிற, முதலீடும் சேர்ந்த ஆயுள் காப்பீடு. பிரீமியம் கட்டும் காலம் 10 வருஷம், வருஷாவருஷம். அப்பாவின் ஆண்டு வருமானம் 12 லட்சம் என்று எழுதியிருந்தது. நாலு ஏக்கரில் அவ்வளவு எங்கே விளையும்?

கட்டாமல் விட்டால், கழிவு போக மிச்சம் தனி நிதிக்குப் போய்க் குறைந்தது 4 சதவீத வட்டியில் கிடக்கும். 5 வருஷம் முடியும்வரை கைக்கு வராது. தங்கச்சி கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். வங்கியில் கேட்டால், அந்த அதிகாரி மாற்றலாகிவிட்டார் என்கிறார்கள்.

மொத்தமாகப் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சந்தை ஏறிக்கொண்டே போனால் அதில்தான் லாபம் அதிகம். ஆனால் 2020 ஜனவரியில் 12,000-க்கு மேல் இருந்த பங்குச் சந்தைக் குறியீடு நிஃப்டி மார்ச் 23-இல் 7,610-க்கு இறங்கியது. நம்மைப் போன்றவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. நெல் பணத்தை லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) போட்டு, அதிலிருந்து மாதம் 10,000 பங்கு ஃபண்டுக்கு மாற்றச் சொல்லலாம், எஸ்டிபி என்பார்கள். உரம், நடவுக் கூலி என்று முடை வந்தால் நிறுத்திக்கொள்ளலாம், ஃபண்ட் கம்பெனி அபராதம் போடாது. இதை அன்றைக்கு யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை.

காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன், அங்கே கட்டணம் கிடையாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணிலும் புகார் சொல்லலாம்.

உங்கள் வீட்டில் யாராவது சமீபத்தில் இப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால், பத்திரத்தில் 'பிரீமியம் கட்டும் காலம்' என்ற வரியை இன்றைக்கே பாருங்கள். பத்திரம் கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். எங்கள் வீட்டில் அந்த 30 நாளும் உறை பிரிக்காமலே பீரோவில் கிடந்தது.