இடப்பக்க ஸ்டீயரிங்குடன் மூன்றரை ஆண்டுகள்: பிரிட்டனில் ஒரு டாட்ஜ் சேலஞ்சர்

2019-ஆம் ஆண்டு தயாரான டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி ஸ்காட் பேக் கார் ஒன்றை 2022-இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் வாங்கி, பால்டிமோரில் கப்பலேற்றி, சவுத்தாம்ப்டனில் இறக்கி, நார்த்தாம்ப்டனில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை 19,000 மைல் ஓட்டியிருக்கிறேன். வாங்கிய மாதத்தில் எழுதியிருந்தால் எஞ்சினின் உறுமலைப் பற்றி மட்டுமே எழுதியிருப்பேன். இப்போது எழுதும்போது பின்விளக்கு, பார்க்கிங் சீட்டு, அடையாள எண்ணில் மாறிப்போன ஓர் எழுத்து ஆகியவைதான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

"மஸ்டாங் வாங்கியிருக்கலாமே" என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். ஃபோர்டு நிறுவனம் வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட மஸ்டாங்கை 2015 முதல் பிரிட்டனில் நேரடியாகவே விற்கிறது. சர்வீஸுக்கு அலைய வேண்டாம், இன்சூரன்ஸுக்கு மன்றாட வேண்டாம். சேலஞ்சரோ வலப்பக்க ஸ்டீயரிங்குடன் ஆலையிலிருந்து வெளிவந்ததே இல்லை. ஆனால் பின்னிருக்கையில் பெரியவர்கள் உண்மையாகவே உட்கார முடிகிற, டிக்கியில் இரண்டு பெரிய பெட்டிகளை விழுங்குகிற, 6.4 லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட இரண்டு கதவுக் காரை வேறு யாரும் செய்யவில்லை. 485 குதிரைத்திறன், 644 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 'அமெரிக்க மஸில் கார்' என்று நாம் சொல்லிக்கொள்ளும் இது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் பிராம்ப்டன் ஆலையில் பிறந்தது என்பது தனி வேடிக்கை. இதன் அடையாள எண் 2சி3 என்று தொடங்குவதே அதற்குச் சாட்சி; முதலில் வரும் 2 கனடாவைக் குறிக்கும்.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவிலிருந்து வரும் காருக்கு இறக்குமதித் தீர்வை 10 சதவீதம். அந்தத் தீர்வையையும் சேர்த்த தொகையின்மேல் மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம். அதாவது வரிக்கும் வரி கட்டுகிறோம். காரின் விலை, கப்பல் கட்டணம், பயணக் காப்பீடு எல்லாம் சேர்த்து எனக்கு 34,000 பவுண்டு ஆயிற்று. தீர்வை 3,400, அந்த 37,400-க்கு வரி 7,480, ஆக மொத்தம் 44,880 பவுண்டு. சுருக்கமாகச் சொன்னால், கப்பல் கட்டணத்தோடு சேர்த்து வருகிற தொகையை 1.32 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மாற்றம் செய்யப்படாத பழைய கார்களுக்குத் தீர்வை இல்லை, வரியும் 5 சதவீதம் மட்டுமே. 1970-களின் கார்மீது ஆசை உள்ளவர்களுக்கு அரசே கொடுக்கும் தள்ளுபடி என்று அதை எண்ணிக்கொள்ளலாம்.

காகித வேலை அமெரிக்கத் துறைமுகத்திலேயே தொடங்கிவிடுகிறது. காரின் உரிமைப் பத்திரத்தின் மூலப்பிரதி, கப்பலேற்றுவதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பே அந்நாட்டுச் சுங்கத்தின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கார் பிரிட்டனில் இறங்கிய 14 நாள்களுக்குள் வருவாய்த் துறைக்கு 'நோவா' என்ற அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அதில் வரி கட்டியது உறுதியானால்தான் ஸ்வான்சீயில் உள்ள வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ பதிவு எண் தரும். என் கார் அங்கேதான் சிக்கியது. நான் அமர்த்தியிருந்த முகவர், 17 இலக்க அடையாள எண்ணைச் சுங்கப் பத்திரத்தில் தட்டச்சு செய்யும்போது பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ' எழுத்தைப் போட்டுவிட்டார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அது வேறு கார். கார்களின் அடையாள எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகளும் ஒருபோதும் வராது. இந்தக் குழப்பம் நேரக்கூடாது என்பதற்காகவே அவை விலக்கப்பட்டிருக்கின்றன. அது முகவருக்கும் தெரிந்திருக்கவில்லை, அப்போது எனக்கும் தெரிந்திருக்கவில்லை. திருத்திய பத்திரம் வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை கார் மூடிய கராஜில் நின்றது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உள்ளே உட்கார்ந்துவிட்டு வந்தேன். உங்கள் முகவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டோடு ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே விரல் வைத்துச் சரிபாருங்கள்.

பத்து ஆண்டுக்கு உட்பட்ட இத்தகைய கார்கள் 'ஐவிஏ' என்னும் தனிவாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள கார்களுக்குச் சற்று எளிய வகைச் சோதனை இருப்பது ஆறுதல். வேகமானி ஏற்கெனவே மைலில் இருப்பதால் அதைத் தொட வேண்டியதில்லை. விளக்குகள்தான் வம்பு. அமெரிக்காவில் பின்பக்க இண்டிகேட்டர் சிவப்பாக மின்னலாம். இங்கே அது ஆரஞ்சு நிறத்தில்தான் மின்ன வேண்டும். முன்விளக்கின் ஒளி இடப்பக்கம் சாய வேண்டும். பின்பக்கம் நடுவிலோ வலப்பக்கமோ ஒரு ஃபாக் லைட் (மூடுபனி விளக்கு) வேண்டும். ஒரு பட்டறையில் இவற்றையெல்லாம் செய்து கொடுத்தார்கள். முதல் சோதனையில் கார் தோற்றது. ஃபாக் லைட் எரிந்தது, சுவிட்சும் இருந்தது; ஆனால் அது எரிகிறது என்று ஓட்டுநருக்குக் காட்டும் சிறு ஆரஞ்சு விளக்கு ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்னே மறைந்துபோயிருந்தது. பட்டாணி அளவுள்ள ஒரு விளக்கை நாலு அங்குலம் நகர்த்தி வைப்பதற்காக இன்னொரு நாள், இன்னொரு கட்டணம், இன்னொரு 60 மைல் பயணம்.

அதே பட்டறை திறந்து ஒட்டிய பின்விளக்கில் இரண்டாவது குளிர்காலத்தில் நீர் கோத்தது. சேலஞ்சரின் பின்புற அழகே அந்தச் சிவப்பு விளக்குதான். அதற்குள் மீன்தொட்டிபோலத் துளிகள் நின்றதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஆரஞ்சு எல்இடிகளை உள்ளே வைப்பதற்காக விளக்கைச் சூடேற்றிப் பிரித்தவர்கள், மூடும்போது பழைய பசையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய பசையைப் பூசியிருக்கிறார்கள். வேறொருவரிடம் கொடுத்து, கழற்றி, அடுப்பில் உலர்த்தி, சரியாக ஒட்டி வாங்கினேன். அதன்பின் நீர் வரவில்லை.

இனி ஓட்டுவதைப் பற்றி. இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவது இரண்டு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். ஒரே தடம் கொண்ட சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போதுதான் அதன் உண்மையான சங்கடம் தெரியும். கையில் 485 குதிரைகள் இருக்கும். எதிரே என்ன வருகிறது என்பது மட்டும் தெரியாது. என் மனைவி வலப்பக்கம் உட்கார்ந்திருந்தால், "இருங்க... இருங்க... இப்போ போங்க" என்பார், நான் போவேன். தனியாக இருந்தால் லாரியிடமிருந்து நன்றாகப் பின்தங்கி, இடது வளைவுகளில் லாரியின் உட்புறமாக முன்னே பார்த்துவைத்துக்கொண்டு, நேர்ச்சாலை வரும்வரை பொறுமை காக்க வேண்டும். மற்ற கார்களை முந்துவதற்காக வாங்கியது என்று பார்ப்பவர்கள் நினைக்கும் கார், பெரும்பாலும் லாரியின் பின்னால் சாதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. பல மாடிப் பார்க்கிங்கில் சீட்டு எடுக்கும் இயந்திரம் வலப்பக்கம் இருக்கும். தனியாகப் போனால் இறங்கி, காரைச் சுற்றி ஓடி, சீட்டை இழுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். பின்னால் நிற்பவர் ஹார்ன் அடிப்பதில்லை. பெரும்பாலும் படம் எடுக்கிறார்.

கார் 5.02 மீட்டர் நீளம், பக்கக் கண்ணாடிகள் இல்லாமலே 1.92 மீட்டர் அகலம். இங்குள்ள வழக்கமான பார்க்கிங் கட்டம் 4.8 மீட்டருக்கு 2.4 மீட்டர். எனவே மூக்கு எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கதவுகளோ இரண்டு கதவுக் காருக்கே உரிய நீளக் கதவுகள். பக்கத்தில் ஒருவர் நெருக்கி நிறுத்திவிட்டால் உள்ளே நுழைவதற்கு யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும். பார்க்கிங்கின் கடைக்கோடியில், யாரும் விரும்பாத மூலையில் நிறுத்தி நடப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. லண்டன் புறநகரில் 6 அடி 6 அங்குலம் என்று பலகை வைத்து இரு பக்கமும் இரும்புத் தூண் நட்டிருக்கும் குறுகலான வழிகள் உண்டு. கணக்குப்படி கார் நுழையும். பக்கத்துக்கு மூன்று சென்டிமீட்டர்தான் மிஞ்சும், கண்ணாடிகள் கணக்கில் இல்லை. நான் ஒருமுறைகூட முயன்றதில்லை.

பெட்ரோல் விஷயத்தில் தேவையில்லாத ஒரு பயம் பலருக்கு இருக்கிறது. எரிபொருள் மூடியின் உட்புறம் ஆக்டேன் (பெட்ரோலின் தர எண்) 91 என்று எழுதியிருக்கும். பிரிட்டனில் சாதாரண பெட்ரோலே 95 என்பதால் எதைப் போட்டாலும் உயர்ந்ததுதான் என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டு வகை அளவீடுகளின் சராசரியை எழுதுகிறார்கள். இங்கே அவற்றில் பெரிய எண்ணைத் தரும் அளவீட்டை மட்டும் எழுதுகிறார்கள். அவர்களுடைய 91 இங்கே ஏறக்குறைய 95, 96-க்குச் சமம். அதாவது சாதாரண பெட்ரோல் இந்த எஞ்சினுக்கு எல்லைக்கோட்டில் நிற்கிறது. நான் 99 ஆக்டேன் மட்டுமே போடுகிறேன்.

மைலேஜைக் கேட்கிறவர்களுக்கு: மூன்றரை ஆண்டுச் சராசரி பிரிட்டிஷ் கேலனுக்கு 20.5 மைல், நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்கு ஏழே கால் கிலோமீட்டர். அமெரிக்க அரசின் கணக்கு 18 மைல் என்கிறதே என்று குழம்ப வேண்டாம். அவர்களுடைய கேலன் 3.785 லிட்டர், இங்குள்ளது 4.546 லிட்டர். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும்போது எட்டில் நான்கு சிலிண்டர்கள் தாமாக ஓய்வெடுத்துக்கொள்ளும். அப்போது 27 வரை பார்த்திருக்கிறேன். ஊருக்குள் 15-ஐத் தாண்டினால் பெரிது. இதுவரை 4,200 லிட்டர் குடித்திருக்கிறது. ஏழாயிரம் பவுண்டுக்குச் சற்றேறக்குறையப் போயிருக்கும்.

ரேடியோவில் ஒரு சிறு கொடுமை. அமெரிக்க எஃப்எம் நிலையங்கள் 88.1, 88.3 என்று ஒற்றைப்படைப் புள்ளிகளிலேயே இருப்பதால், காரின் ரேடியோவும் அப்படியே தாவுகிறது. இங்கே 88.2-இல் பாடும் நிலையம் இந்தக் காருக்கு இல்லவே இல்லை. வழிகாட்டி வரைபடம் வட அமெரிக்காவோடு முடிந்துவிடுகிறது. செல்பேசியை இணைத்து இரண்டையும் சமாளிக்கிறேன்.

ஈரச் சாலையில் இந்தக் கார் மரியாதை கேட்கும். 1,900 கிலோ எடை, சக்தி முழுவதும் பின்சக்கரத்துக்கு, நவம்பர் மாத ரவுண்டானாக்களில் அழுகிய இலை. காரோடு வந்த டயர்கள் குளிரில் கட்டைபோல ஆகிவிட்டன. முதல் ஆண்டே கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என இரண்டு செட் வாங்கினேன். இந்தக் காருக்காகச் செய்த செலவுகளில் அறிவுள்ள செலவு அதுதான். உலர்ந்த சாலையிலோ வேறு கதை. நீண்ட தூரத்துக்கு இதைவிட வசதியான காரில் நான் உட்கார்ந்ததில்லை. நார்த்தாம்ப்டனுக்குப் பக்கத்திலேயே சாண்டா பாட் என்ற கால் மைல் பந்தயத் தடம் இருக்கிறது, போர்க்கால விமானத் தளம் ஒன்றில் அமைந்தது. பொதுமக்கள் தங்கள் காரை ஓட்டிப் பார்க்கும் நாளில் போய் 12.9 விநாடியில் முடித்தேன். எனக்கு அடுத்த தடத்தில் ஓடிய மின்சாரக் கார் சத்தமே இல்லாமல் முன்னே போய்விட்டது. அதன் சொந்தக்காரர் திரும்பி வந்து, என் எஞ்சினை இன்னொரு முறை ஸ்டார்ட் செய்யச் சொன்னார்.

பராமரிப்பில் அச்சப்பட ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். எண்ணெய் மாற்ற 6.6 லிட்டர் பிடிக்கும். ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் 16 ஸ்பார்க் பிளக். உதிரிப் பாகங்கள் அமெரிக்காவிலிருந்து ஒரு வாரத்தில் வந்துவிடும். ஆனால் 135 பவுண்டுக்கு மேல் போனால் எல்லையிலேயே வரி கேட்பார்கள். இன்சூரன்ஸ் தரகர்களில் இறக்குமதிக் கார்களுக்கென்றே உள்ளவர்களிடம்தான் போக வேண்டும். அவர்கள் கண்காணிப்புக் கருவி பொருத்தச் சொன்னார்கள். லண்டனுக்குள் போவதானால், வெளிநாட்டிலிருந்து வந்த காரின் மாசு விவரம் பதிவேட்டில் இல்லாமல் இருக்கலாம் என்பதால், ஆவணங்களை முன்கூட்டியே அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு மாசுக் கட்டணம்.

மறுபடியும் இப்படி ஒரு கார் வாங்குவதென்றால், ஏற்கெனவே பிரிட்டனில் பதிவாகி, சோதனையெல்லாம் முடித்து, இரண்டு மூன்று குளிர்காலம் கண்ட ஒன்றைத்தான் தேடுவேன். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அடிப்பாகத்தை எவ்வளவு தின்றிருக்கிறது என்பதை லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு, பின்விளக்கை யார் திறந்தார்கள் என்று கேட்பேன். பிராம்ப்டனில் கடைசி சேலஞ்சர் 2023 டிசம்பரில் வெளிவந்தது. அதற்குப் பிறகு என் காரை விலைக்குக் கேட்டு இருவர் வந்தார்கள். ஒருவர் ஓட்டிப் பார்க்க வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, ஸ்டீயரிங் இல்லாததைக் கண்டு சிரித்தார். இருவரிடமும் அடுத்த வசந்தத்தில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். குளிர்கால டயர் இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது.