பட்டமளிப்பு விழாவுக்குச் சேலை எடுக்கப் போகிறீர்களா? ‘பரமக்குடி கைத்தறி’ என்று சொல்லி எங்களை ஏமாற்றிய கதை

தங்கச்சி பட்டம் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. இடுப்பிலும் கழுத்தடியிலும் வந்த வேர்க்குரு இன்னும் முழுதாக ஆறவில்லை. கோபம் அடங்கியதும் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன், அடங்கவில்லை. சில கல்லூரிகளில் இனிமேல்தான் விழா. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரிக்குத் துணி தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

நாங்கள் மண்டபம். அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில் கிடக்கும். விழாவோ மே கடைசியில். கையில் இருந்தது, தடைக்கு முன்னால் அம்மா பாசி எடுத்துச் சேர்த்த காசு. பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கடலில் முங்கி முங்கி எடுக்கிற பாசி. அந்தக் காசில் 4,650 ரூபாயைத்தான் முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்பினோம்.

தங்கச்சி அவசரப்பட்டு எடுக்கவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கேட்டவர்கள் எல்லாரும் முதலில் அவளைத்தான் குறை சொன்னார்கள். போன வருஷம் சீனியர்களின் போட்டோக்களைப் பார்த்து யோசித்திருந்தாள். கறுப்புக் கவுன் முந்தானையையும் உடலையும் மூடிவிடும். வெளியே தெரிவது கழுத்துப் பக்கம் கொஞ்சமும், கீழே கொசுவம் ஒரு முழமும்தான். அதனால் முந்தானையில் ஜரிகையைக் கொட்டிக் காசை வீணாக்காமல், அகலமான கரை போட்ட லேசான சேலையாக எடுத்தால் போதும் என்றாள். கவுன் துணியில் காற்றே போகாது, உள்ளே நூல் துணிதான் தாங்கும் என்றும் சொன்னாள். இளம்பச்சை உடல், அரக்குக் கரை. நூலும் பட்டும் கலந்த சில்க் காட்டன். வெயில் காலத்துக்கு அதைவிடப் பொருத்தமாக எனக்கும் தோன்றவில்லை.

இன்ஸ்டாவில் அப்படியே ஒரு சேலை வந்தது. ‘பரமக்குடி கைத்தறி, நெசவாளரிடமிருந்து நேரடியாக’ என்று போட்டிருந்தார்கள். தறியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கும் வீடியோ. சேலை ஓரத்தில், அசல் கைத்தறிதான் என்று காட்டும் அரசின் கைத்தறி முத்திரைச் சீட்டு தொங்குகிற படம். நெசவு ஊர்களான பரமக்குடியும் எமனேஸ்வரமும் நம் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. மண்டபத்தில் ரயில் ஏறினால் நேராகப் பரமக்குடியில் இறங்கலாம். நம் ஊர்ப் பெயர் என்பதால்தான் நம்பினோம். அதே பெயரை வைத்துத்தான் ஏமாற்றினார்கள். எனக்கு அதிகம் வலித்தது அதுதான்.

பார்சல் வந்தபின் பணம் தருகிறோம் என்றதற்கு, “நெசவாளருக்கு முன்பணம் கொடுக்கணும் சிஸ்டர்” என்று பதில் வந்தது. ஜிபேயில் அனுப்பினோம். அடுத்த வாரம் வரும் என்றது, விழாவுக்கு நான்கு நாள் முன்னால்தான் வந்தது. நிறம் ஏறக்குறைய சரி. முத்திரைச் சீட்டு இல்லை, ‘ஹேண்ட்லூம்’ என்று அச்சடித்த ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தது. தொட்டால் வழுவழு என்று இருந்தது. புதுச் சேலை, கஞ்சி போகாததால் அப்படி இருக்கும் என்று நினைத்து, ஃபால்ஸ் வைக்கவும் ரவிக்கை தைக்கவும் டெய்லர் அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாளே அக்கா கூப்பிட்டுவிட்டார். ரவிக்கைத் துணியை வெட்டிய ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று உருவி, தீக்குச்சியில் காட்டினார். இரண்டுமே கறும்புகை விட்டு உருகி, நுனியில் கடுகு மாதிரி உருண்டு இறுகிவிட்டன. “பட்டுன்னா முடி கருகுற வாடை வரும்மா, சாம்பலைத் தொட்டா பொடியாப் போயிரும். நூல்னா காகிதம் எரிஞ்ச மாதிரி இருக்கும். இதுல ரெண்டுமே இல்லையே” என்றார். முழுக்க பாலியஸ்டர். அந்தக் கடுகை நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை.

செய்தி அனுப்பினேன். முதலில், “பார்சல் பிரிக்கும் வீடியோ இருக்கா?” என்றார்கள். இருந்தது, அனுப்பினேன். பிறகு, “ரவிக்கைத் துணி வெட்டியாச்சு, ரிட்டர்ன் கிடையாது” என்றார்கள். எரித்துக் காட்டிய வீடியோவை அனுப்பியதும் பிளாக் செய்துவிட்டார்கள். வேறு சேலை வாங்க வீட்டில் காசு இல்லை. “பரவால்லக்கா, கவுனுக்குள்ளதானே இருக்கப் போவுது” என்று தங்கச்சி அதையே கட்டிக்கொண்டாள்.

விழா பந்தலில். காலை எட்டு மணிக்கு உட்கார வைத்தார்கள், அவள் பெயரைக் கூப்பிட்டபோது பன்னிரண்டரை. பாலியஸ்டர் சேலை, அதன்மேல் பாலியஸ்டர் கவுன். உடம்பில் விட்ட வேர்வையை உறிஞ்ச ஒரு நூல் இல்லை. கொசுவம் காலோடு ஒட்டி, மேடைப் படியில் தடுக்கிவிட்டது; யாரோ ஒரு டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவோடு போட்டோ எடுக்கக்கூட நிற்காமல் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனாள். எங்கள் வீட்டின் முதல் பட்டம் அது.

அதன்பின் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிட்டதும் விற்றவரின் பெயர், முகவரி, பில் கேட்டார்கள். என்னிடம் ஒரு போன் நம்பரும் ஸ்கிரீன்ஷாட்டும்தான். புகார் பதிவாகியிருக்கிறது, பணம் வரவில்லை. இணையப் பண மோசடிக்கு 1930, அதைப் பணம் போன உடனே கூப்பிட வேண்டும், நாங்கள் தாமதித்துவிட்டோம். ‘நோ ரிட்டர்ன்’ என்று எழுதிவைத்தால் அதுவே சட்டம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும். அதனால் பணம் அனுப்பும் முன்பே முகவரியோடு பில் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

நூலை எரித்துப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மரக்கூழிலிருந்து செய்கிற விஸ்கோஸ் இழையும் காகிதம் மாதிரிதான் எரியும், அதைப் பருத்தி என்று தள்ளிவிட முடியும். பாலியஸ்டரைத்தான் அந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். முடிந்தால் நேரில் போய் எடுங்கள். பரமக்குடியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன; கோ-ஆப்டெக்ஸும் உண்டு. போகவர ஆகும் ரயில் காசு, நாங்கள் இழந்ததில் ஒரு மூலைக்குக்கூட வராது. விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே எடுத்து, வீட்டில் ஒரு மணி நேரம் கட்டி, வெயிலில் நடந்து பாருங்கள். ரவிக்கைத் துணியை வெட்டும் முன் நூலைச் சோதித்துவிடுங்கள், வெட்டியதைக் காரணம் காட்டித்தான் எங்களைத் தட்டிக்கழித்தார்கள்.

அந்தப் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. அதே பெரியவர், அதே தறி, அதே இளம்பச்சைச் சேலை. விலை மட்டும் 4,990 ஆகியிருக்கிறது.