தொட்டியா, புழுவா, பொகாஷியா, வெறும் குழியா?

காய்கறித் தோலும் பழச்சக்கையும் குப்பைக் கிடங்குக்குப் போனால், காற்றுப் படாமல் புதைந்து அழுகி மீத்தேனை விடும். நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போலச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. அதே தோல் வீட்டிலேயே மக்கினால் செடிக்கு உரம். இதுவரை யாருக்கும் சண்டையில்லை. எப்படி மக்க வைப்பது என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒரு கட்சி. நான் நான்கு வழிகளையும் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் நன்றாகத் தோற்றும் இருக்கிறேன்.

முதலில் துளை போட்ட தொட்டி. "நாற்றம் அடிக்குமே" என்பதுதான் எல்லோருக்கும் வரும் பயம். அடிக்கத்தான் செய்யும், சருகு போடாவிட்டால். மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். பச்சைக் கழிவில் நைட்ரஜன் கூடுதல், ஈரமும் கூடுதல். காய்ந்த இலையில் கார்பன் நிறைய. அதனால் ஒரு கிண்ணம் கழிவு போட்டால் இரண்டு கிண்ணம் சருகைக் கொட்டி மூடிவிட வேண்டும். சருகு கிடைக்காதவர்கள் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடலாம். மரத்தூளும் ஆகும், ஆனால் அதில் கார்பன் மிக அதிகம் என்பதால் அளவாகப் போட வேண்டும்.

ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். உள்ளிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்த்தால் சரி. ஒழுகினால் சருகு போடுங்கள், கை ஈரமே ஆகாவிட்டால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம். கிளறிவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். கிளறும்போது வெளிர் நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிந்தால் அலற வேண்டாம். கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்களாக இருக்கும். கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும், வளர்ந்த ஈ கடிக்காது. (முதல் தடவை நானும் அலறித்தான் மூடியைப் போட்டேன்.)

தொட்டிக்கு ஒரு குறை உண்டு. ஒரு கன மீட்டர் அளவுக்குக் குவியல் இருந்தால்தான் உள்ளே 55 டிகிரிக்கு மேல் நன்றாகச் சூடேறி, களை விதைகள் சாகும். சின்னத் தொட்டியில் அந்தச் சூடு வராது. அதில் போட்ட தக்காளி விதை உரத்தோடு பூந்தொட்டிக்கு வந்து முளைத்து நிற்கும். எனக்கு அதில் வருத்தமில்லை.

அடுத்து மண்புழு. உரத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம்: கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். ஆனால் தொட்டி என்பது பாத்திரம், மண்புழு என்பது வளர்ப்புப் பிராணி. தோட்டத்து மண்ணைத் தோண்டி எடுக்கும் புழு இதற்குச் சரிப்படாது. மட்கும் குப்பையில் மேல்மட்டத்தில் வாழும் ஐசெனியா ஃபெடிடா போன்ற இனம் வேண்டும். அதற்கு 15 முதல் 25 டிகிரி வரை சுகம்; 35-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தோலால் மூச்சுவிடும் உயிர் என்பதால் தோல் காயவும் கூடாது, தண்ணீரில் மூழ்கவும் கூடாது. எண்ணெய், உப்பு, எலுமிச்சைத் தோல், வெங்காயம் எல்லாம் விலக்கு.

நான் தோற்றது இங்கேதான். வெயில் காலத்தில் நான்கு நாள் வெளியூர் போய் வந்து மூடியைத் திறந்தால், நிழல் பக்க மூலையில் புழுக்கள் உருண்டையாகச் சுருண்டு கிடந்தன. பெட்டியின் மறுபக்கம் பிற்பகல் வெயில் அடித்திருக்கிறது. பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. நிழலான இடமும், அடிக்கடி எட்டிப்பார்க்க ஆளும் இருந்தால் மட்டும் மண்புழுவைத் தொடுங்கள்.

பொகாஷி வேறு ரகம். இதை மக்க வைப்பது என்பதைவிட ஊறுகாய் போடுவது என்று சொல்லலாம். ஜப்பானில் 1980-களில் பேராசிரியர் தெருவோ ஹிகா பரப்பிய நுண்ணுயிர்க் கலவையோடு சேர்ந்து உலகெங்கும் பரவிய முறை. நுண்ணுயிர் ஏற்றிய தவிட்டைக் கழிவின் மேல் தூவி, அழுத்தி, காற்றுப் புகாத வாளியில் மூடிவைத்தால் லாக்டிக் அமிலம் உருவாகிப் புளிக்கும். மற்ற வழிகளில் தயங்கித் தயங்கிப் போடும் சமைத்த உணவையும் இறைச்சியையும் இதில் தாராளமாகப் போடலாம். அதுவே இதன் பெரிய பலம். ஆனால் இரண்டு வாரம் கழித்து வெளியே வருவது உரமல்ல, புளித்த கழிவு. அதை மண்ணில் புதைத்து, இன்னும் இரண்டு வாரமாவது விட்டுத்தான் செடி நட வேண்டும். புதைக்க மண்ணே இல்லாத மாடி வீட்டுக்காரருக்கு இதைப் பரிந்துரைப்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. தவிடும் தீரத் தீர வாங்க வேண்டும்.

குழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் அடி ஆழம் தோண்டு, கொட்டு, மூடு. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் புழுக்கள் பார்த்துக்கொள்ளும். ஆழம் குறைந்தால் நாயும் எலியும் கிளறிவிடும். உரத்தை எடுத்து வேறு தொட்டிக்குப் போட முடியாது. புதைத்த இடத்துக்கு மட்டும்தான் பயன். தோட்டம் இருந்து, பொறுமை இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

என் வீட்டில் இப்போது ஓடுவது இரண்டு துளைத் தொட்டிகள். ஒன்று நிறைந்ததும் மூடிவைத்துவிட்டு அடுத்ததில் போட ஆரம்பிப்பேன். மூன்று மாதத்துக்குள் முதலாவது தயாராகிவிடும். பக்கத்தில் ஒரு சருகு மூட்டை. அது பாதிக்குக் கீழே இறங்கினால், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குக் கிளம்பிவிடுவேன்.